உள்மூச்சில் ஓர் ஆமாம்

“மூச்சை உள்ள இழுத்துக்கிட்டே பாட முடியுமா?”

போன ஏப்ரலில், எங்கள் தீவின் ஊர்மன்றத்தில் பாடற்குழுவைப் பார்த்து இங்குன் இப்படிக் கேட்டார். அந்தக் குழுவில் நானும் பாடினேன். அப்போது எனக்குப் பள்ளி முடிய இரண்டு மாதம் இருந்தது.

இங்குன் ஜாஸ் பாடகி. தானே பாட்டுக் கட்டுவார். த்ரோண்ட்ஹெய்மில் இசை படித்து, தலைநகர் ஆஸ்லோவில் ஆறு வருடம் ஆங்கிலத்தில் பாடி, ஓர் இசைத்தட்டும் வெளியிட்டார். அதை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து இதே மன்றத்தில் பாடினார். பாடி முடித்ததும் ஊரார் கை குலுக்கி, “வித்தியாசமா இருந்துச்சு” என்றார்கள். எங்கள் ஊரில் அதைவிடக் கடுமையான வசை இல்லை.

அதன் பிறகு பதினான்கு வருடம் ஊரில் அவர் பாட வாய் திறக்கவில்லை. குளிர்காலத்தில் வெளியூர் மேடைகள். மற்ற நாட்களில் கரைக்கும் தீவுக்கும் போய்வரும் பெர்ரிக் கப்பலில் ஸ்வேலே என்ற தடித்த இனிப்புத் தோசை சுட்டு விற்பார். பெர்ரி கரையில் நிற்கும் இருபது நிமிடத்தில் ரசீதுச் சுருளின் பின்பக்கம் மெட்டு எழுதுவார். ஊருக்கு அவர் ‘ஸ்வேலே இங்குன்’ மட்டும்தான்.

இந்த முறை அக்கரை நகரத்தின் ஜூலை இசைவிழாவுக்கு அவரிடம் ஒரு புதுப் படைப்பு கேட்டிருந்தார்கள். எங்கள் பாடற்குழுவோடு என்றால் சரி என்றார் இங்குன். குழுத் தலைவி டோர்டிஸிடம் மட்டும் இதையும் சொல்லியிருந்தார்: “இந்தத் தடவையும் ‘வித்தியாசம்’னு சொன்னாங்கன்னா, நான் எழுதறதையே விட்டுடுவேன், டோர்டிஸ்.”

உள்மூச்சில் பாட இங்குன் கேட்டது எங்கள் ‘யோ’வை. யாராவது பேசும்போது நாங்கள் உம் கொட்டுவது வெளிமூச்சில் அல்ல. காற்றை உள்ளே இழுத்தபடி, ஆமாம் என்ற பொருளில் ‘யோ’ என்போம்.

கட்டைக்குரல் வரிசையில் இருந்த மீனவர் ஓட்வார் உடனே மறுத்தார். “நான் அப்படியெல்லாம் சொல்றதே இல்லம்மா.”

“சொல்றதே இல்லையா?”

“யோ,” என்றார் ஓட்வார், மூச்சை உள்ளே இழுத்து.

சிரித்து முடிக்கவே நெடுநேரமானது. ஆனால் தாளத்துக்குச் சொல்லச் சொன்னதும் ஒருவருக்கும் வரவில்லை. இழுப்பு நோய்க்காரர்கள் போலத் திணறினோம். ஜூன் நடுவிலும் அதே நிலைதான்.

ஒரு திங்கட்கிழமை பெர்ரியில் நான் ஸ்வேலே வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஓட்வார்.

“நான் இனிமே ஒத்திகைக்கு வரலம்மா. எனக்கு விக்கல் மாதிரிதான் வருது. உன் பாட்டு என்னால கெட வேண்டாம்.”

இங்குன் தலை நிமிரவில்லை. “ஸ்வேலே வேணுமா?”

“யோ.”

“வெண்ணெய் தடவியா?”

“யோ.”

“பழுப்புச் சீஸும் வெக்கவா?”

“யோ.”

தோசைத் திருப்பி அவர் கையில் அப்படியே நின்றது. கல்லில் ஒரு ஸ்வேலே கருகியது. அதைப் பார்க்காமல் அவர் ரசீதுச் சுருளை முழங்கை நீளத்துக்குக் கிழித்து எழுதத் தொடங்கினார்.

“ஓட்வார், இப்ப மூணு தடவ பாடிட்டீங்க. ஒண்ணுகூட விக்கல் இல்ல.”

“நான் எங்க பாடினேன்? பசிக்குதுன்னு சொன்னேன். அதக் குடும்மா, கருகினதானாலும் பரவால்ல.”

அடுத்த ஒத்திகைக்கு ஓட்வாரும் வந்தார். எங்கள் தாள்களையெல்லாம் இங்குன் திரும்ப வாங்கிக்கொண்டார். பாட்டு முழுவதும் இப்போது கேள்விகள்தான். எங்கள் பேச்சுமொழியில், எங்கள் விஷயங்கள். அவர் கேட்க, நாங்கள் வழக்கம்போலப் பதில் சொன்னால் போதும்.

விழா அன்று தீவில் பாதிப் பேர் வந்து பின்வரிசைகளை நிரப்பினார்கள். மேடையில் இங்குன் ‘கிழங்கு நட்டாச்சா’ என்று தாழ்வாகத் தொடங்கினார். ‘படகைக் கட்டியாச்சா’ என்று ஏறினார். பின்னால் ஒருவர் பாஸ் கிதாரை மெல்ல மீட்டினார். எங்கள் உள்மூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, அலை பின்வாங்கும்போது கூழாங்கல் சரசரப்பது போல விழுந்தன.

கடைசிக் கேள்விக்கு இசையே இல்லை. “நாளைக்கும் மழைதானா?”

நாங்கள் “யோ” என்றோம். பின்வரிசையில் இருந்தவர்களும் சொன்னார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. தாங்கள் சொன்னதே அவர்களுக்குத் தெரியாது. அரங்கம் முழுவதும் ஒரே மூச்சாக உள்ளே இழுத்தது.

திரும்பும் பெர்ரியில் வெயில் இன்னும் இருந்தது. ஊரார் காபிக் கோப்பைகளோடு இங்குனைச் சுற்றி நின்றார்கள். யாரும் ‘வித்தியாசம்’ என்ற சொல்லைச் சொல்லவில்லை. கடைசியில் ஓட்வார் தொண்டையைச் செருமினார்.

“மோசமில்ல.”

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. இங்குன் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்து, “யோ” என்றார். மறுநாள் காலை பெர்ரியில் அவருடைய தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் புதிய ரசீதுச் சுருள் ஒன்று பாதி எழுதியபடி கிடந்தது.

இதை நீங்கள் வேறு யாருக்காவது சொல்ல வேண்டும். எழுதி அனுப்பாதீர்கள், வாயால் சொல்லுங்கள். சொல்லும்போது, எதிரில் இருப்பவர் எப்படி உம் கொட்டுகிறார் என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.