தறிக்குழிக்குத் திரும்பிய கால்

ஆடவல்லானின் ஊன்றிய திருவடி போற்றி. இன்று மார்கழித் திருவாதிரை.

பேத்தியின் கணுக்காலுக்கு இட்ட மாவுக்கட்டின் ஈரமணம் என்னை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் அருப்புக்கோட்டைக்கு அழைத்துச் சென்றது.

நெசவாளரான என் தந்தையின் கணுக்கால் முறிந்திருந்தது. அவர் தறி மிதிக்காவிடில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அறுவையே வழி என்றார் மருத்துவர். பரளச்சியிலிருந்து வந்த எலும்புக் கட்டுக்காரரோ எலும்பை இழுத்துப் பொருத்திவிட்டு, மேலே பற்றுப் போட உளுந்துமாவும் முட்டையும் கேட்டார்.

“முட்டை எங்க வாசப்படி ஏறாதுங்க,” என்றார் சைவரான தந்தை.

“தின்னாத்தானய்யா பாவம். காலுக்கு வாயா இருக்கு?” என்றார் கட்டுக்காரர்.

வலியிலும் சிரித்துவிட்டுத் தந்தை காலை நீட்டினார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டு ஏறியது.

இரண்டு மாதம் கழித்துத் தந்தை தறிக்குழியில் இறங்கி மிதித்தார். அந்த ஓசை கேட்டுத் தெருவின் மற்றத் தறிகளெல்லாம் நின்றன.

“ஏலே, அவுக தறிதான்டா,” என்றது அடுத்த வீட்டுக் குரல்.

இதைப் படிப்போர் அனைவரும் நோயின்றி நெடிது வாழ்க.