நான்கு மணி நேரச் சிலுவைப்பாதை

ஸ்பிரிட் பஞ்சின் வாடை எங்கே எழுந்தாலும், தேனியில் என் தம்பிக்கு டயாலிசிஸ் நடந்த வார்டுக்குள் போய் நிற்கிறேன். பக்கத்துக் கட்டிலில் அவனைவிட இளைய ஒரு பெண். ராயப்பன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவள். சாம்பல் பூத்த முகம். ஊசி ஏறி ஏறிக் கயிறாய்ப் புடைத்த இடக்கை.

சுவர்க் கடிகாரத்தை அவள் பார்த்ததே இல்லை. குழாயில் இரத்தம் ஓடும் நான்கு மணி நேரத்தையும், இயேசு சிலுவை சுமந்து நடந்ததைச் சொல்லும் சிலுவைப்பாதைச் செபத்தின் பதினான்கு நிலைகளாகப் பிரித்து முணுமுணுத்தபடி கிடப்பாள்.

"ஏ ஆத்தா, எங்கன வந்துட்டாக உங்க சேசு?" என்று நர்ஸ் சீண்டுவார்.

"ரெண்டாந்தடவ விழுந்துட்டாரு அக்கா. இன்னும் பாதி கெடக்கு."

வாந்தி எடுப்பாள். வாயைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

ஒரு சனிக்கிழமை, இனி ஊசிக்கு வரமாட்டேன், வீட்டிலேயே செத்துப்போகிறேன் என்று தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் கெஞ்சி ஓய்ந்தேன். அவள்தான் அவனைக் கேட்டாள்.

"பயமாண்ணே?"

"ஒனக்கில்லையா?"

"நெறைய இருக்கு. சிலுவைக்கு முந்துன ராத்திரி சேசுவே தோட்டத்துல பயந்து வேர்த்தவருதான. பயந்துக்கிட்டேதான் நடந்தாரு."

கோயில் பக்கம் போகாதவன் நான். அந்தத் தைரியம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அன்றே அவளுக்குப் பிரஷர் இறங்கியது. மெஷினைப் பாதியில் நிறுத்தி, ஸ்ட்ரெச்சரில் தீவிர சிகிச்சைக்குத் தள்ளிப்போனார்கள். எங்களைக் கடக்கையில் தம்பியின் போர்வையை எட்டிப் பிடித்தாள்.

"செவ்வாக்கெழம ஊசிக்கு வந்துருங்கண்ணே. நான் இங்கன இல்லாட்டியும் வாங்க."