ஆமான்னு சொல்லு

எங்கள் அப்பாவுக்குத் தமிழ் தெரியும் என்பது பிஜித் தீவில் எங்கள் ஊரான நடபுவா முழுக்க நம்பப்பட்ட விஷயம். அதை நம்பாதவர்கள் இரண்டே பேர். ஒருத்தர் அப்பா, இன்னொருத்தி அம்மா.

அதற்காக அப்பாவைப் பொய்க்காரர் என்று சொல்லிவிட முடியாது. வருஷா வருஷம் கோயில் திருவிழாவில் நடக்கும் கூத்தில் அவர்தான் ராஜா. ஜிகினா ஒட்டிய அட்டைக் கிரீடத்தை வைத்துக்கொண்டு வசனம் பேச ஆரம்பித்தால் ஒரு மணி நேரத்துக்கு நிறுத்தமாட்டார். பேசுவது என்னவென்று அவருக்கும் தெரியாது, எதிரில் பாய் போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியாது. வசனம் முழுவதையும் ஆங்கில எழுத்தில் எழுதி, "இங்கே கோபம்", "இங்கே அழுகை" என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு நெட்டுருப் போட்டது. வீட்டிலும் தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் எங்கள் பேச்செல்லாம் பிஜி ஹிந்திதான். தமிழ் என்றால் சாமிக்குப் பேசுவது, சாமிக்குப் புரிந்தால் போதும் என்று இருந்துவிட்டோம்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். அந்த வருஷம் பார்த்து தலைநகர் சுவாவில், இந்தியர்கள் ஆளக் கூடாது என்று துப்பாக்கிக்காரர்கள் பார்லிமெண்டுக்குள் புகுந்து மந்திரிகளைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். சுவா எங்கேயோ இருக்கிறது, நமக்கென்ன என்று முதல் வாரம் பேசிக்கொண்டார்கள். பிறகு எங்கள் ஜனங்கள் ஒவ்வொரு வீடாக நாட்டை விட்டுக் கிளம்ப ஆரம்பித்தார்கள். வாரா வாரம் யாரையாவது வழியனுப்ப நாடி விமான நிலையத்துக்குப் போவோம். மாலை போட்டு, அழுது, ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. எங்களுக்கு அது பொற்காலம்.

அப்பா வேலை பார்த்த இரும்புச் சாமான் கடையில் ஆணி வாங்கக்கூட ஆள் இல்லை. வீட்டை விற்றுவிட்டுப் போகிறவன் எதற்கு ஆணி அடிக்கப் போகிறான்? வாரத்துக்கு இரண்டு நாள் வந்தால் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். டீச்சர், நர்ஸ், கணக்கர் என்றால் வெளிநாட்டுக்காரன் கூப்பிடுவான், ஆணி நிறுக்கிறவனை எவன் கூப்பிடுவான் என்று அப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் நியூசிலாந்தில், ஆக்லாந்திலிருந்து சித்தப்பா ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டார். அவர் அங்கே டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். மசாலா சாமான் வாங்கப் போகும் கடையின் சொந்தக்காரம்மா யாழ்ப்பாணத்துத் தமிழராம். வாடிக்கையாளர்களும் தமிழர்கள். இங்கிலீஷும் தமிழும் இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும், அந்த ஊரில் அப்படி ஆள் கிடைக்கவில்லை என்று காட்டினால்தான் வெளியிலிருந்து வருகிறவனுக்கு விசா கிடைக்கும் என்றாராம். உடனே சித்தப்பா, எங்கள் அண்ணனுக்குத் தமிழ் தண்ணி பட்ட பாடு என்று அளந்துவிட்டிருக்கிறார். வருகிற சனிக்கிழமை காலையில் அந்தம்மா போன் பண்ணுவார், தமிழிலேயே பேசிப் பார்ப்பார். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "இங்கிலீஷ்ல மட்டும் வாயைத் திறக்காதே, மாட்டிக்குவே" என்று ஒரு புத்திமதியும் சொல்லி போனை வைத்துவிட்டார்.

அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. இது போனால் வேறு வழி கிடையாது என்பது எனக்கே தெரிந்தது. அம்மாதான், "நான் சொல்லிக் கொடுக்கிறேன்" என்று முன்வந்தாள்.

அம்மாவின் தமிழைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவள் லம்பாசாக்காரி, கரும்புத் தோட்டத்தில் வளர்ந்தவள். அவள் அப்பா மனுஷர்களிடம் ஹிந்தியிலும் உழவு மாடுகளிடம் தமிழிலும் பேசுவாராம். மாடுகளோடு சேர்ந்து அவளும் கற்றுக்கொண்டாள். அதனால் அவள் தமிழில் நில்லு, திரும்பு, ஒழுங்கா நட, அந்தாண்ட போ, வாயை மூடு என்று எல்லாமே கட்டளைதான். "நீங்க" என்ற வார்த்தையே கிடையாது, ஏனென்றால் மாட்டை யாரும் நீங்க என்று கூப்பிடுவதில்லை. ஹிந்தியில் அப்பாவுக்கு அத்தனை மரியாதை கொடுப்பவள், தமிழ் பேசினால் மட்டும் அவரை மாடாக்கிவிடுவாள்.

அந்த வாரம் முழுக்கப் பாடம் நடந்தது. "பேரு இன்னா?" என்று அம்மா கேட்பாள். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் பெயரை ராஜா குரலில் முழங்குவார். "கத்தாதே" என்பாள். "கத்தாதே" என்று அப்பா திருப்பிச் சொல்வார், அதையும் பாடம் என்று நினைத்து. தம்பியும் நானும் படிப்பை விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து இதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை வந்தது. அப்பா குளித்து, திருநீறு பூசி, கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். போனில் சட்டை தெரியாது என்று அம்மா சொன்னாள். தமிழ் பேசணும்னா சட்டை வெள்ளையா இருக்கணும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

மணி அடித்தது. போனின் ஒரு பக்கம் அப்பாவின் காது, மறுபக்கம் அம்மாவின் காது. எங்களுக்கு அந்தத் தொந்தரவே இல்லை. வெளிநாட்டுக்குப் பேசினால் கத்தித்தான் பேச வேண்டும் என்ற எண்ணம் அந்தம்மாவுக்கும் இருந்தது போல, ஒவ்வொரு சொல்லும் கூடம் முழுக்கக் கேட்டது. அப்போது எனக்கு அது வெறும் சத்தம். அர்த்தம் தெரிந்ததெல்லாம் பிற்பாடு, அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்ததில்தான்.

"வணக்கம். தமிழ் வடிவாக் கதைப்பீங்களோ?"

அம்மாவும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்தில் பேசுவதைத்தான் கதைப்பது என்பார்கள் என்று லம்பாசா மாடுகளுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? அம்மா குசுகுசுவென்று, "கதை கேக்குது. கதை சொல்லு" என்றாள்.

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கதைதானே, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா என்பது போல மலர்ந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "ஈரேழு லோகமும் நடுநடுங்க, எட்டுத் திசையும் கிடுகிடுங்க, கொலுவில் வந்து நிற்கும் ராஜாதி ராஜன் நானே!" காலைத் தரையில் தட்டியதில் அலமாரியிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

மறுமுனையிலிருந்து கொஞ்சம் தயங்கியே அடுத்த கேள்வி வந்தது. "நல்லது. முந்திக் கடையிலை வேலை செய்தனீங்களோ?"

"கடையில வேலை செஞ்சியான்னு கேக்குது. ஆமான்னு சொல்லு" என்றாள் அம்மா.

"ஆமான்னு சொல்லு" என்றார் அப்பா கணீரென்று.

"என்ன?"

"அய்யோ, அத சொல்லாதே. வாயை மூடு."

"அய்யோ, அத சொல்லாதே. வாயை மூடு" என்று அப்பா முதலாளியம்மாவிடம் சொன்னார். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தம்பி தரையில் உருண்டான். எனக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. மறுமுனையிலும் யாரோ சிரிப்பை அடக்குவது போல மூச்சு இழுபட்டது. எல்லாம் போச்சு என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளைச் சட்டையின் முதுகு நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தம்மா இன்னும் போனை வைக்கவில்லை. குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திக் கேட்டார். "உங்களுக்குச் சொந்த வீடு, நல்ல ஊர் எண்டு உங்கட தம்பி சொன்னவர். பிறகேன் ஊரை விட்டிட்டு வாறியள்?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா எடுத்துக் கொடுக்கவில்லை. கேள்வி புரியாதது போல முதலில் எனக்குப் பட்டது, ஆனால் அவள் முகம் அப்படி இல்லை. "சொல்லு, என்ன கேட்கிறாங்க?" என்று அப்பா ஹிந்தியில் கேட்டார். அம்மா ஹிந்தியிலேயே, நம்ம நாட்டை விட்டு ஏன் வர்றீங்கன்னு கேட்கிறாங்க என்று மட்டும் சொல்லிவிட்டுக் காதை எடுத்துக்கொண்டாள்.

அப்பா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தக் கேள்விக்கு அவரிடம் இருந்த தமிழ் ஒன்றே ஒன்றுதான், கூத்தில் விடியும் நேரத்துக்கு வருவது. ஓரத்தில் "இங்கே அழுகை" என்று எழுதியிருக்கும் இடம். மெல்லப் பாடினார்.

"ஆண்ட மண்ணும் எனதில்லை, ஆடி நின்ற முற்றமும் எனதில்லை. பெற்ற பிள்ளைகளை எந்த நிழலில் படுக்கவைப்பேன்? எங்கே போவேன், யாரிடம் போய் நிற்பேன்?"

தம்பிக்கும் எனக்கும் அடக்கவே முடியவில்லை. வேலை கேட்டு வந்த மனுஷன் போனில் பாட்டுப் பாடி ஒப்பாரி வைத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அப்பாவின் குரல் கடைசி வரியில் கரகரத்தது. அதையும் நடிப்பு என்று நினைத்து இன்னும் சிரித்தோம்.

லைன் அறுந்துவிட்டது என்று அப்பா போனைத் தட்டிக்கூடப் பார்த்தார். பிறகு அந்தம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஆக்லாந்தில் குளிர், சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் எந்த வீட்டைப் பூட்டிவிட்டு, யார் யாரை விட்டுவிட்டு அங்கே வந்து சேர்ந்தவர் என்று எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது.

"வாங்கோ. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார் அந்தம்மா. கத்தாமல் சொன்னதால் அது அப்போது எங்களுக்குக் கேட்கவில்லை, பிற்பாடு அவரே சொன்னது.

அப்பா போனை வைத்துவிட்டு நின்றார். வரச் சொல்லிட்டாங்க போலிருக்கு என்று சந்தேகமாகச் சொன்னார். பிறகு அம்மாவிடம், கடைசியாக நான் பாடினேனே, அதுக்கு என்ன அர்த்தம், இத்தனை வருஷமாக யாரும் எனக்குச் சொன்னதில்லையே என்று கேட்டார்.

அம்மா உடைந்த தட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சரியாத்தான் சொன்னே" என்றாள், தமிழில்.

அப்பாவின் உச்சரிப்பைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் தம்பியோடு விளையாட ஓடிவிட்டேன்.