மா மெரி மொழியில் நான் நிபுணரான கதை

வியாழக்கிழமை காலையில் தேவா சார் என் மேஜையில் ஒரு ஃபாரத்தை வைத்தார். பள்ளிகளில் நடக்கும் தாய்மொழி வகுப்புகளைக் கவனிக்கும் சின்ன யூனிட் எங்களுடையது, மலேசியாவின் கிள்ளானில். அவர் ஹெட். நான் அவருக்கு அடுத்தவள். எனக்குக் கீழே யாரும் கிடையாது.

"மாலா, கேரி தீவுல மா மெரி பாஷைக்கு கிளாஸ் கேட்டிருக்காங்க. பதினஞ்சு பிள்ளைங்க ரெடி, டீச்சரும் ரெடி. நாம போய் டீச்சரை டெஸ்ட் பண்ணி சைன் போடணும். நாளைக்குள்ள அனுப்பலன்னா இந்த வருஷம் கிளாஸ் இல்ல."

மா மெரி மக்கள் அந்தத் தீவின் பூர்வகுடிகள். பெற்றோர் போதுமான அளவு கேட்டால் பூர்வகுடி மொழிகளையும் பள்ளியில் சொல்லித்தரலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. சட்டம் நல்ல சட்டம்தான். ஃபாரம்தான் வில்லங்கம். கையெழுத்திடும் இடத்தில் 'இம்மொழியை நன்கறிந்த இரு அதிகாரிகள்' என்று போட்டிருந்தது.

"சார், நமக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாதே?"

"டிபார்ட்மெண்டுலயே யாருக்கும் தெரியாதுலா. தெரிஞ்ச மாதிரி தலையாட்டு, போதும்."

செம்பனைத் தோட்டங்களைத் தாண்டிப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தோம். டீச்சர் பெயர் மஸ்னா. நாற்பது வயதிருக்கும். தானே வரைந்த படங்களை ஃபைலில் அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். எங்களுக்கு ஒன்றாம் வகுப்பு நாற்காலிகள் கிடைத்தன. தேவா சாரின் முழங்கால் தாடையைத் தொட்டது.

சார் மலாயில் கேட்டார், உங்கள் பாஷையில் ஐந்து நிமிடம் பேசுங்கள் என்று. மஸ்னா பேசினார். சார் தலையாட்டினார். அவர் ஆட்டியதால் நானும் ஆட்டினேன். நடுவில் நான் லேசாகச் சிரித்துவைத்தேன், அதைப் பார்த்து சாரும் சிரித்தார்.

பேச்சு முடிந்ததும், நம் ஆட்கள் எல்லாரும் லிஃப்டிலும் துணிக்கடையிலும் செய்கிற காரியத்தைச் செய்தோம். எதிரில் இருப்பவருக்குப் புரியாது என்ற தைரியத்தில் தமிழுக்கு மாறினோம்.

"என்ன சார் பேசுச்சு?"

"யாருக்குத் தெரியும்? கோழிக்கறி வைக்கிறதா இருந்தாலும் இருக்கும். ஸ்பீடா பேசுச்சு, எண்பது போடு."

"உச்சரிப்புக்கு?"

"எல்லாத்துக்கும் எண்பது போட்டா டவுட் வரும். எழுபத்தெட்டு போடு."

மஸ்னா ஃபைலை மூடினார்.

"கோழிக்கறி இல்ல சார். முதல் நாள் பிள்ளைங்களுக்கு என்ன சொல்லித்தரப் போறேன்னு சொன்னேன்."

அசல் எஸ்டேட் தமிழ். நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது எனக்கு.

"எங்க கம்பத்து ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்ல எல்லாம் உங்க ஆளுங்கதான் அக்கா. அவங்ககூடப் பேசிப் பேசிப் பழகினது" என்றவர், ஃபாரத்தை எட்டி எடுத்துப் படித்தார். "சைன் போட எங்க பாஷை தெரியணுமாமே. கத்துக்குங்க. மணி பத்துதானே ஆவுது."

எழுந்து போய்விடலாம். ஆனால் வகுப்பு போய்விடும். உட்கார்ந்தோம்.

பெயர் சொல்வது, பெயர் கேட்பது, சாப்பிட்டாயா என்று விசாரிப்பது. இவ்வளவுதான் பாடம். சில சொற்களின் முடிவில் தொண்டையைச் சட்டென்று அடைக்க வேண்டும். சார் அடைத்தபோதெல்லாம் விக்கல் வந்தது. என் நோட்டைப் பார்த்து அவர் காப்பியடித்ததால் மஸ்னா எங்களைத் தனித்தனியாக உட்காரவைத்தார். பன்னிரண்டு மணிக்குப் பரீட்சை. நான் மூன்று வாக்கியத்தில் பாஸ். சார் ஃபெயில். இரண்டு மணிக்கு அவரும் ஒருவழியாகத் தேறினார். அதற்குப் பிறகுதான் ஃபாரம் எங்கள் கைக்கு வந்தது. நான் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'மூன்று வாக்கியங்கள் மட்டும்' என்று எழுதினேன். மனசு கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அனுப்பினோம். மேலிடத்தில் யாரும் பொடி எழுத்தைப் படிக்கவில்லை. வகுப்பு ஆரம்பித்தது.

சில மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. மா மெரி மொழி நிபுணர் பட்டியலில் எங்கள் இருவரையும் சேர்த்திருப்பதாகவும், இனிமேல் வரும் ஆசிரியர்களை நாங்களே சோதிக்க வேண்டும் என்றும் இருந்தது. சாருக்கு முகமெல்லாம் பல்.

"நிபுணர்னு போட்டிருக்கான், பாத்தியா."

"மஸ்னாகிட்ட காட்டிட்டு வரவா சார்?"

அவர் பேனாவை நீட்டினார். எங்கள் பெயர்களை அடித்துவிட்டு மஸ்னா பெயரை எழுதி அனுப்பினோம். அவர் அதிகாரி இல்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினோம். மூன்றாவது கடிதத்தில் ஒப்புக்கொண்டார்கள். என் சர்வீஸில் நான் உருப்படியாகச் செய்த வேலை அதுதான்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மொழிக்கு உதவப் போனால், அதைப் பேசுகிறவருக்கு முதலில் நாற்காலி போடுங்கள். தமிழ் தெரியாத ஆபீசர் தமிழ் வகுப்புக்கு முடிவெடுக்கிறார் என்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் டீ குடித்தபடி எத்தனையோ வருஷம் திட்டியிருக்கிறேன். கேரி தீவில்தான் அந்த ஆபீசரை நேரில் பார்த்தேன். என் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.