உமி மெத்தையில் இறங்கிய கியர்பாக்ஸ்

கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டி, வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத காரின் கிளட்சைத் தீய்த்துவிட்ட அறிவாளி நான். மூக்கில் ஏறிய அந்தத் தீய்ந்த வாசனை என்னை நேராகக் குடவாசல் சாலையில் இருந்த அந்தோணி மாமாவின் லாரிப் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே கல்யாண மண்டபம்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது, சவூதியிலிருந்து திரும்பிய அத்தா, அதாவது என் அப்பா, சம்பாத்தியம் மொத்தத்தையும் போட்டு, ஊர் ஊராக ஓடித் தேய்ந்த ஒரு லாரியை வாங்கியிருந்தார். சரியாக அறுவடை நேரத்தில் அதன் கிளட்ச் போனது. நெல் மூட்டை ஏற்றாவிட்டால் மறுபடி சவூதிதான். கிளட்சை மாற்ற கியர்பாக்ஸைக் கழற்றி இறக்கியாக வேண்டும்; பட்டறையில் பெரிய ஜாக்கி கிடையாது என்பதால், ரைஸ்மில்லிலிருந்து வந்த உமி மூட்டைகளை வண்டிக்கடியில் அடுக்கி, கயிற்றில் கட்டிய கியர்பாக்ஸை அவற்றின்மேல் மெதுவாக இறக்கினார்கள், மூட்டை பெருமூச்சு விட்டது, உமித்தூசியும் கிரீஸும் கலந்து மணந்தது, "மெத்தை விரிச்சாச்சு பாய், மாப்பிள்ளை இறங்கலாமா?" என்றார் அந்தோணி மாமா, அத்தா மட்டும் சிரிக்கவில்லை.

புது கிளட்ச் தட்டு மாட்டி, வண்டி குலுங்காமல் நகர்ந்த பிறகுதான் சிரித்தார். அப்புறம் அவர் சவூதி போகவேயில்லை.

அந்தக் கிளட்ச்தான் எங்களுக்கு அத்தாவைத் தந்தது என்று அம்மாவுக்கு போன் போட்டு உருகினேன்.

"அது மட்டும் சரியாகாம இருந்திருந்தா, நமக்கும் ஒரு மாடி வீடு வந்திருக்கும்டா" என்றார் அம்மா.