எல்கடுவ பஸ்ஸில் வரும் கடிதங்கள்

தங்கச்சி போய் ஒரு வருடமாகிறது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, பேத்தி புத்தகத் தமிழில் மாற்றி எழுதுகிறாள். "'அவர்'னு எழுதவா அம்மாயி?" என்று கேட்டாள். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை, 'அவள்' என்றே எழுது என்றேன். அழுதுகொண்டும் சொல்ல மாட்டேன். தங்கச்சியைப் பற்றி வாய் திறந்தால் எனக்குச் சந்தோஷம்தான் வருகிறது.

எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தோம். அப்பா சீக்கிரமே போய்விட்டார். நான் கொழுந்துக் கூடையைத் தூக்கினேன், அவள் புத்தகத்தைத் தூக்கினாள். படித்து, மாத்தளை டவுனில் ஒரு கல்லூரி ஆபீசில் கிளார்க் ஆனாள். விண்ணப்பம், அடையாள அட்டை, பரீட்சைப் படிவம், பஸ் சீசன் டிக்கெட்டுக்குக் கடிதம் என்று பிள்ளைகளுக்கு எது வேண்டுமானாலும் அவள் மேசைக்குத்தான் வர வேண்டும். மத்தியானச் சோற்றுப் பார்சலை இரண்டு தரமாவது மூடி வைக்காமல் அவள் சாப்பிட்டதே இல்லை. யன்னலில் ஒரு பிள்ளை நின்றால் எழுந்துவிடுவாள். மிச்சச் சோறு வீட்டுக்கு வரும். என் கோழிகள் அதில்தான் கொழுத்தன.

கோழிக் கதை கிடக்கட்டும். ஒரு வருடம், கல்லூரியில் சேர்வதற்கான நேர்முகத் தேர்வுக்கு வராதவர்களின் பட்டியலை அவள் பார்த்தாள். பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். லயத்துக்குத் தனி விலாசம் ஏது? கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கு வரும். காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அன்றைக்கு வராதவர்களின் கடிதம் மேசை லாச்சிக்குள் போய்விடும். அதற்கு மேல் அடுத்த கடிதம் விழும்.

அந்தப் பட்டியலில் எங்கள் கீழ் லயத்துப் பெண் பிள்ளையும் இருந்தாள். தவறியவர்களுக்கு மறுநாள் மூன்று மணி வரை தவணை. தோட்ட ஆபீஸ் ஃபோன் வேலை செய்யவில்லை. தங்கச்சி அரை நாள் லீவு போட்டு, நேரே மலைக்கு ஏறி வந்துவிட்டாள். பிள்ளையின் தாய் என் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒங்க மகளுக்கு காலேஜ் லெட்டர் வந்துச்சா?" என்று அவளிடம் கேட்டாள் தங்கச்சி.

"என்னா லெட்டரு? அவளுக்கு கொழும்புல வீட்டு வேல சரியாகிருச்சி. நாளைக்கி காலைல ஏத்தி விடுறோம்."

"நாளைக்கி என்கூட மாத்தளைக்கி ஏத்தி விடுங்க."

"லெட்டரே வரலங்கிறேன், நீ என்னா புள்ள!"

"வந்திருக்கு. எங்க கெடக்குதுன்னும் எனக்கு தெரியும்."

அடுத்தது தோட்ட ஆபீஸ். நானும் கூடையோடு பின்னால் ஓடினேன்.

"பெரட்டுல கூப்புட்டோம், ஆள் வரல," என்றார் அங்கிருந்த கிளார்க் ஐயா.

"ஐயா, நானும் ஆபீஸ்ல வேல செய்றவதான். ஆள் வரலன்னா கடுதாசி கால் மொளச்சி வீட்டுக்குப் போகுமா? லாச்சிய தொறங்க."

லாச்சியில் அந்தப் பிள்ளையின் கடிதம் மட்டுமல்ல, இன்னும் நாலு பிள்ளைகளுடையதும் கிடந்தது. மறுநாள் ஐந்து பேரையும் முதல் பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு போனாள். கொழும்புப் பயணம் நின்றது. மூன்று மணிக்கு முன்னமே எல்லோருக்கும் பதிவு விழுந்தது.

அந்த வருடத்திலிருந்து தபாலில் போடுகிற கடிதத்துக்கு இன்னொரு பிரதி எடுத்து, எல்கடுவ பஸ் கண்டக்டரிடமும் கொடுத்துவிடுவாள். "மிஸ்ஸுக்கு தபால்காரன் மேல நம்பிக்க இல்ல," என்று ஆபீசில் கேலி செய்வார்களாம். "தபால்காரர் மேல இருக்கு, லாச்சி மேலதான் இல்ல," என்பாளாம்.

நோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் என்னிடம் கேட்டாள்: "அக்கா, இந்த வருச லெட்டரு பஸ்ல ஏத்தியாச்சா?"

"ஆச்சு," என்று பொய் சொன்னேன். மறுவாரமே அவளுடைய ஆபீஸ்காரர்கள் அந்தப் பொய்யை உண்மையாக்கினார்கள். அவர்களுக்கும், வார்டில் அவளைத் திருப்பிப் படுக்கவைத்த தாதிப் பிள்ளைகளுக்கும், பாடை தூக்கிய லயத்து மக்களுக்கும், கண்டக்டர் தம்பிக்கும் எங்கள் குடும்பம் கையெடுத்துக் கும்பிடுகிறது.

இந்த வருடமும் கடிதங்கள் வந்தன. கண்டக்டர் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கொடுக்க, வாங்கிக்கொண்டு லயம் லயமாகப் போவது நான்தான். வீட்டில் ஆள் இல்லையென்றால், வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.