எண்ணெய் இறங்கிய கல்

அறுபதுகளின் நடுவில் சிதம்பரத்தில் ஓர் ஆய்வகத்தில் நானும் என் நண்பனும் ஆராய்ச்சி மாணவர்கள். நில அதிர்வின் அலை பாறைக்குள் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பது எங்கள் வேலை. விரல் நீளத்துக்கு அறுத்த கல்லுக்கு எண்ணெய் புகாத ரப்பர் உறை மாட்டி, இரும்புக் கலத்தில் எண்ணெய்க்குள் இறக்கி, கைப்பம்பை அடித்து அழுத்தத்தை ஏற்றுவோம். ஒரு முனையில் துடிப்பைக் கொடுத்து, மறுமுனைக்கு அது வந்து சேரும் நேரத்தைத் திரையில் படிப்போம். அழுத்தம் ஏற ஏறக் கல்லின் நுண்ணிய விரிசல்கள் மூடிக்கொள்ளும். அலையின் வேகம் கூடும். பம்பு அடித்தே தோள் போய்விடும்.

நண்பன் தேவனாம்பட்டினத்துக்காரன், மீனவர் வீட்டுப் பிள்ளை. இருவரும் ஒரே பாறையில் வெட்டிய கற்களைத்தான் அளந்தோம். அவனுடையது முதலில் மிகத் தாழ்ந்த வேகத்தைக் காட்டி, பிறகு கிடுகிடுவென்று ஏறியது. என்னுடையது தொடக்கத்திலேயே உயர்ந்த வேகத்தைக் காட்டி, சீராக இருந்தது. பேராசிரியருக்கு என்னுடையது பிடித்துப்போயிற்று.

“நீ கல்ல வெச்சியா, இட்லிய வெச்சியாய்யா?” என்று அவனைக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அவன் திரையைத் தப்பாகப் படிக்கிறான் என்று முடிவாயிற்று. திருத்திக்கொள்ளாவிட்டால் ஆராய்ச்சியை விட்டுவிடலாம் என்றார்.

அன்று மாலை என் கல்லை வெளியே எடுத்தேன். உறை ஓரத்தில் கிழிந்திருந்தது. கல் கறுத்து எண்ணெய் வாடை அடித்தது. விரிசல்களில் எண்ணெய் நிரம்பியதால்தான் அலை தொடக்கத்திலேயே அவ்வளவு வேகமாக ஓடியிருக்கிறது. உலர்ந்த கல்லைச் சரியாக அளந்தவன் அவன். நான் கல்லைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து இழுப்பறையில் போட்டேன்; யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி முதலிலிருந்து பம்பு அடிக்கத் தெம்பில்லை. அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இருந்ததாக நினைவில்லை.

அவன் திரும்பத் திரும்ப அளந்தான். அதே தாழ்ந்த வேகம்தான். ஒருநாள் கேண்டீனில் கேட்டான்.

“மச்சான், கோச்சுக்காத. உன் கல்லுல எண்ணெ எறங்கிடுச்சா?”

“ஒனக்கு வரலன்னா என் கல்லுமேல பழியா?”

“அது இல்லடா. ஒற கிழிஞ்சிருந்துச்சா, இல்லியா? அத மட்டும் சொல்லு.”

“பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு.”

“அப்ப என் கண்ணுதான் போச்சு போல,” என்று சிரித்தான்.

உண்மையாகவே கடலூருக்குப் போய் டாக்டரிடம் கண்ணைக் காட்டினான். ஒரு குறையும் இல்லை என்றாராம். அதன் பிறகும் என்னை அவன் சந்தேகப்படவில்லை. மழைக்காலம் முடியுமுன் ஆராய்ச்சியை விட்டுவிட்டு, கடலூரில் ஒரு கிடங்கில் குமாஸ்தாவாகச் சேர்ந்தான்.

எனக்குப் பட்டம் கிடைத்தபோது வஞ்சிரம் வாங்கிக்கொண்டு ரயிலேறி வந்தான். என் அறையில் அவனே குழம்பு வைத்தான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.